பூஜை மாத்திரை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்தேன். பேனாவை எடுப்பேன், நாலு வரி எழுதுவேன், கிழித்துப் போட்டுவிடுவேன். எனக்குப் படிப்பு குறைவு. பத்தாவது முடித்துவிட்டு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். தயக்கத்துக்குக் காரணம் அது மட்டும் இல்லை. இது என் மனைவியின் உடம்பைப் பற்றியது. அதிலும் எங்கள் ஈரோட்டுப் பக்கத்தில் ஆம்பளைகள் வாய் திறந்து பேசாத விஷயத்தைப் பற்றியது. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பெயர்கூட நான் சொன்னதில்லை. "இன்னைக்கு நீங்களே விளக்குப் போட்டுருங்க" என்பாள் அவள். எனக்குப் புரிந்துவிடும். அவ்வளவுதான் பேச்சு.

போன தை மாசம் அவளே சொன்னாள். "எழுதுங்க. பேரை மட்டும் போட்டுறாதீங்க. ஆளாளுக்கு ஒண்ணச் சொல்லிட்டுத் திரியறாங்க. நடந்ததை நடந்தபடி எழுதி வெச்சா மேலு." அவள் சொன்ன பிறகு எனக்கென்ன? அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் அக்கா ஸ்பான்சர் பண்ணி நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்தோம். நான், மனைவி, அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த எங்கள் மகள். பிரிட்ஜ்வாட்டருக்குப் பக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட். பிளாஸ்டிக் பாட்டில் செய்கிற ஃபேக்டரியில் எனக்கு மெஷின் பராமரிப்பு வேலை கிடைத்தது. சுற்றி இருந்த நம் ஆட்கள் எல்லோரும் பெரிய படிப்புக்காரர்கள், கம்ப்யூட்டர்காரர்கள். அவர்கள் நடுவில் நாங்கள் கொஞ்சம் ஒதுங்கித்தான் இருந்தோம். எங்களை அவர்கள் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது என் மனைவியின் குரல்.

ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை அங்கே திருவிளக்கு பூஜை நடக்கும். கோடை விடுமுறையில் ஒரு பள்ளிக்கூடத்து காஃபிடேரியாவை வாடகைக்கு எடுப்பார்கள். மேஜைகளை எல்லாம் மடித்து ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்து, பெண்கள் வரிசையாக விளக்கோடு உட்காருவார்கள். அதை நடத்துகிறவரை எல்லோரும் பூஜை ஆன்ட்டி என்பார்கள். மயிலாப்பூர்க்காரர், எங்களுக்கு இருபது வருஷம் முன்பே வந்தவர், கண்டிப்பானவர். முதல் வருஷம் போற்றி சொல்ல வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பின்வரிசையில் இருந்த என் மனைவி, புத்தகம் இல்லாமல், நூற்றெட்டு போற்றியையும் கணீரென்று சொல்லி முடித்தாள். அன்றைக்கே பூஜை ஆன்ட்டி அவளைக் கூப்பிட்டு, பெரிய குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இனிமேல் நீதான் என்று சொல்லிவிட்டார். பத்தாவதுகூட முடிக்காத பெண். அன்று காரில் வரும்போது கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம்தான் மாத்திரை வந்தது. பெரிய விளக்குக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் அன்றைக்குத் தூரமாகிவிட்டால் என்ன செய்வது? அதற்கு அங்கே எல்லாப் பெண்களும் செய்கிற வழி ஒன்று இருந்தது. நாளைத் தள்ளிப்போடுகிற மாத்திரை. ஊரில் மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கொடுப்பார்கள். இந்தியா போய் வருகிறவர்கள் பெட்டியில் அப்பளம், வடகத்தோடு அதுவும் வரும். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் பூஜை மாத்திரை. "பூஜை மாத்திரை இருக்கா, ரெண்டு அட்டை குடேன்" என்று கோயில் வாசலில் கூச்சமில்லாமல் கேட்டுக்கொள்வார்கள். அந்தப் பெயரில் கூச்சப்பட என்ன இருக்கிறது? நானே ஊருக்குப் போனபோது வாங்கி வந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அது மருந்து டப்பாவில் இருந்ததில்லை. சாமி அலமாரியில், கற்பூர டப்பாவுக்குள் இருந்தது. எடுத்தால் கற்பூர வாசம் அடிக்கும்.

ஆடி விளக்கு பூஜையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இந்த ஊரில் எல்லா விசேஷமும் சனி ஞாயிறில்தான். இந்த வாரம் ஒருவர் வீட்டுக் கிரகப்பிரவேசம், அடுத்த வாரம் வளைகாப்பு, அதற்கடுத்த வாரம் கோயிலில் ஹோமம். எல்லாவற்றுக்கும் அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு வாரம் தள்ளிப் போட்டால் சரியாக அடுத்த வாரத்தில் வந்து விழும். சரி, அதையும் தள்ளு. நவராத்திரி சமயத்தில் மாசம் முழுக்க அவள் அதைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

வந்து மூன்று நாலு வருஷத்தில் அவளுக்கு உடம்பு கெட ஆரம்பித்தது. முதலில் விரல்கள். காலையில் எழுந்தால் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருக முடியாது. கை சூடேறி வீங்கி இருக்கும், மத்தியானத்துக்கு மேல்தான் மடங்கும். பிறகு முகத்தில் சிவப்பு. மூக்கின் இரண்டு பக்கமும் கன்னத்தில் படர்ந்தது. குங்குமம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து வேறு குங்குமம் வாங்கினோம். வெயிலில் போனால் அதிகமானது. வாயில் புண், தலைமுடி உதிர்தல், எந்நேரமும் அசதி. அவள் அக்கம்பக்கத்தாரின் இரண்டு குழந்தைகளை எங்கள் வீட்டில் வைத்துச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதையும் விட்டாள். யாரோ திருஷ்டி என்றார்கள். பூசணிக்காய் சுற்றி உடைக்க அபார்ட்மென்டில் இடம் ஏது? எலுமிச்சம்பழத்தோடு முடித்துக்கொண்டோம்.

கடைசியில் ஒரு ஸ்பெஷலிஸ்ட்டிடம் அனுப்பினார்கள். வெள்ளைக்காரர், வயசானவர், பொறுமைசாலி. அவருடைய வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். நோயாளிகள் முக்கால்வாசிப் பேர் பெண்கள். சின்ன வயசுப் பெண்கள். ஆம்பளைகள் எல்லாம் என்னைப்போல் பெண்சாதியின் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள். அது என்ன நோய், பெண்களைப் பார்த்துப் பிடிக்கிறது என்று தோன்றியது. கேட்கத் தெரியவில்லை.

லூபஸ் என்றார். உடம்பில் காவலுக்கு இருக்கிற படை, வெளியிலிருந்து வருகிற கிருமியை அடிப்பதை விட்டுவிட்டு வீட்டு ஆட்களையே அடிக்கிறது என்று அவர் சொன்னதை நான் தமிழில் அவளுக்குச் சொன்னேன். மூட்டு, தோல், சில பேருக்குச் சிறுநீரகம். தீர்ந்துபோகிற நோய் இல்லை, அடக்கி வைத்துக்கொள்ளலாம் என்றார். அப்போது அவர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "இஸ் ஷி ஆன் த பில்?"

ஃபேக்டரியில் பத்துப் பேரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான். அமெரிக்கர்கள் 'த பில்' என்றால் கர்ப்பத் தடை மாத்திரை என்று எனக்குத் தெரியும். எனக்கு முகமெல்லாம் சுட்டது. "நோ நோ டாக்டர். ஆபரேஷன் ஃபினிஷ்ட்" என்று சொல்லிவிட்டேன். மகள் பிறந்தபோதே ஈரோட்டில் குடும்பக் கட்டுப்பாடு செய்தாகிவிட்டது. வேறு மாத்திரை ஏதாவது உண்டா என்றும் கேட்டார். அவளிடம் கேட்டேன். தலைவலி மாத்திரை எப்போதாவது என்றாள். எங்கள் இரண்டு பேர் பதிலிலும் பொய் இல்லை. கற்பூர டப்பாவில் இருந்தது எங்கள் மனசில் மருந்தாகவே இல்லை.

அவர் கொடுத்த மருந்தில் கொஞ்சம் தேறினாள். தேறுவாள், மறுபடி விழுவாள். விழுவது பெரும்பாலும் விசேஷங்கள் முடிந்த கையோடு. பூஜைக்காக அலைந்த அசதி என்று நான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார், அலைச்சலைக் குறைக்கச் சொன்னார். அவளோ அலைச்சல் குறைந்தால் சாமி காரியம் குறைந்துவிடும் என்று பயந்தாள். "இந்தக் கை மடங்காமப் போனாப் போகட்டும். வாய் இருக்குதல்லோ. அது போற்றி சொல்லட்டும்" என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வருஷம், நவராத்திரி முடிந்த வாரம். ஞாயிற்றுக்கிழமை காலை, தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது கால் ஆடுசதை கல் மாதிரி இருந்தது. சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இன்னொரு காலைவிட நன்றாகப் பருத்து, பளபளவென்று இருந்தது. சுளுக்கு என்றாள். மகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்பா, திஸ் இஸ் நாட் சுளுக்கு" என்று கார் சாவியை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் காலை ஸ்கேன் பண்ணிப் பார்த்து, ரத்தம் குழாய்க்குள் உறைந்திருக்கிறது என்றார்கள். அது அங்கிருந்து பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அவளைப் படுக்க வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க ஊசி ஏற்றினார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போற்றி மறந்துவிட்டது எனக்கு. தாயே, தாயே என்று மட்டும் வந்தது.

மத்தியானம் ஒரு இளம் டாக்டர் அம்மா வந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை. பெயரைப் பார்த்துவிட்டு, "தமிழோ?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்துப் பெண். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் தமிழ் கேட்டதும் என் மனைவிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு கேட்டார்.

"அக்கா, இதுகளை விட வேற குளிசை ஏதும் போடுறனீங்களோ?"

என் மனைவி கொஞ்சம் யோசித்தாள். போர்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து நீட்டினாள். "இதுங்களா? இது எங்கூரு மாரியாத்தா கோயில் கயிறுங்க. குளிசமெல்லாம் நாங்க கட்டறதில்லீங்க."

அந்த டாக்டர் அம்மா கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "ஐயோ அக்கா, நான் தாயத்தைக் கேக்கேல்ல. குளிசை. நீங்கள் மாத்திரை எண்டு சொல்லுவியள்."

"மாத்திரையா? அது ஒண்ணுமில்லீங்க. பூஜை மாத்திரை மட்டுந்தான்."

"அதென்ன பூஜை மாத்திரை?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். குரலை இறக்கி அவள் சொல்லச் சொல்ல, அந்த டாக்டர் அம்மாவின் சிரிப்பு மெல்ல நின்றது. எவ்வளவு நாளாக, எத்தனை முறை, கடைசியாக எப்போது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அட்டையைக் கொண்டுவர முடியுமா என்றார். வீட்டுக்கு ஓடி, கற்பூர டப்பாவை அப்படியே கொண்டுவந்து கொடுத்தேன். திறந்ததும் அந்த ஆஸ்பத்திரி அறை முழுக்கக் கற்பூர வாசம். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, "இது பெண்சுரப்பு மருந்து, அண்ணை. ஹார்மோன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த வயசான டாக்டரின் கேள்வி ஞாபகம் வந்தது. அவர் கேட்ட 'பில்' எங்கள் வீட்டில் சாமி அலமாரியில் இருந்திருக்கிறது. வேலைதான் வேறு, ஜாதி அதே ஜாதி. பிற்பாடு அவரிடம் இதைச் சொன்னபோது அவர் எங்களைக் கோபிக்கவில்லை. தான் கேட்ட கேள்விதான் போதவில்லை என்று சொல்லி, தலையை ஆட்டி, எங்கள் எதிரிலேயே ஃபைலில் எழுதிக்கொண்டார்.

அந்த யாழ்ப்பாணத்து டாக்டர் அம்மா சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். தப்பு இருந்தால் அது என்னுடையது.

பெண்ணைப் பெண்ணாக்குகிற சுரப்புகள் கர்ப்பப்பைக்கு மட்டும் வேலை செய்வதில்லை. உடம்பின் காவல் படைக்கும் அவை சேதி சொல்கின்றன. பொதுவாகப் பெண்ணின் படை ஆணின் படையைவிடக் கூர்மையானது. ஆணின் சுரப்பு படையைக் கொஞ்சம் தணித்து வைக்கும். பெண்ணின் சுரப்பில் சில அதை எழுப்பிவிடும், வேறு சில சமயத்தில் அடக்கியும் வைக்கும். வயசு, மாச நாள், கர்ப்பம், பிரசவம் என்று ஒவ்வொன்றுக்கும் மாறும். மூட்டுவாதம் உள்ள சில பெண்களுக்கு வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வலி தணிந்து, பெற்றபின் திரும்ப வருமாம். லூபஸ் அப்படி இல்லை, சில பேருக்குக் கர்ப்பத்தில் கூடும். அந்த வரவேற்பறையில் ஏன் அத்தனை பெண்கள் என்பதற்கு இது ஒரு காரணம். முழுக் காரணம் யாருக்கும் இன்னும் தெரியாது என்றார்.

இதை நான் எங்கள் வீட்டு ஸ்மோக் அலாரத்தை வைத்துப் புரிந்துகொண்டேன். இந்த நாட்டில் ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் ஒன்று இருக்கும். என் மனைவி மிளகாய் தாளித்தால் போதும், அது அலறும். மகள் துண்டை எடுத்துக்கொண்டு அதன் கீழே நின்று வீசுவாள். நிஜமாகத் தீ பிடித்தால் காப்பாற்றப் போவதும் அதுதான். காய்ச்சல் வந்தால் நான் வாரம் முழுக்கப் படுத்திருப்பேன், அவள் இரண்டு நாளில் எழுந்து ரசம் வைப்பாள். அந்தக் கூர்மைதான் அவளைக் காப்பாற்றியது. அதே கூர்மைதான் தாளிப்புக்கும் அலறி, அவளுடைய கையையும் கன்னத்தையும் எரித்தது.

"அப்ப இந்த நோவே அந்த மாத்திரையாலதான் வந்துச்சுங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

"அப்பிடி நான் சொல்லமாட்டன் அக்கா. இந்த வருத்தம் உங்கட உடம்பில ஏற்கெனவே இருந்திருக்கும். ஒவ்வொரு முறையும் கூடினதுக்கு அதுதான் காரணமோ எண்டும் எனக்குத் தெரியாது. ஆனா உங்கட ரத்தம் லேசில உறையிற ரத்தம். இந்த வருத்தக்காரர் சிலருக்கு அப்பிடி இருக்கும், டெஸ்டில வந்திருக்கு. அந்த ரத்தத்துக்கு மேல இந்தக் குளிசை போட்டால், இண்டைக்குக் காலில வந்தது நாளைக்கு நெஞ்சில வரும். இனிமேல் தொடப்படாது."

என் மனைவி கையில் இருந்த கோயில் கயிற்றைத் திருகினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஆத்தாளுக்கோசரம் தின்னேனுங்க. அதே என்னைக் கொல்லப் பாத்துதுன்னா, அவ என்னை வேண்டாங்கறாளா?"

அந்தப் பெண் டாக்டர் அவள் காலுக்குக் கீழே தலையணையைச் சரியாக வைத்தார். "அதை நான் சொல்லேலாது அக்கா. நான் வேதக்காரி. எனக்குத் தெரிஞ்சது ரத்தம் மட்டும்தான்."

நேர்மையான பதில். அதற்காகவே அந்தப் பெண்ணுக்காக இன்றைக்கும் விளக்கு முன்னால் ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்தாள். ரத்தத்துக்கு ஒரு மாத்திரை, பழைய மருந்துகள், ரத்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும் என்பதால் முருங்கைக்கீரையை இஷ்டத்துக்குச் சாப்பிடக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. மாசா மாசம் நாள் வந்தது. அப்போது முன்பைவிடக் கஷ்டப்பட்டாள், ரத்தம் இளகுகிற மருந்து அல்லவா. ஆனால் அதையெல்லாம்விட அவளை அரித்தது வேறு. ஆடி வரும். அந்தச் சனிக்கிழமை அவளுக்கு எப்படி அமையும் என்று யாருக்கும் தெரியாது. மாத்திரை போட்டால் பெரிய விளக்கு உண்டு, உயிருக்கு உத்தரவாதம் இல்லை. போடாவிட்டால் உயிர் உண்டு, விளக்கு அவள் கையில் இல்லை. கற்பூர டப்பாவைத் துடைத்து, கற்பூரம் மட்டும் போட்டு மூடி வைத்தாள். மீதி அட்டைகள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டன. ஆனால் அவற்றைத் திரும்ப வாங்க ஒரு ஃபோன் போதும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் எனக்காக விட்டதாக ஆகிவிடும்.

சித்திரையில் அவளே பூஜை ஆன்ட்டிக்கு ஃபோன் பண்ணினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு ஆன்ட்டி, இந்த ஒரு தடவை மட்டும் போட்டுக்கொண்டால் என்ன, ஒரு வாரம்தானே என்று கேட்டது எனக்கே கேட்டது.

"முடியாதுங்கக்கா. அமைஞ்சா வர்றேன். அமையலைன்னா வேற ஆளைச் சொல்லச் சொல்லுங்க" என்றாள். ஃபோனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆன்ட்டி யாரிடம் சொன்னாரோ, எப்படிச் சொன்னாரோ தெரியாது. ஒரு மாசத்தில் கதை நியூ ஜெர்சி முழுக்கச் சுற்றி வந்தது. இந்தியக் கடையில் பில் போட வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற ஒருவர் என்னிடமே அதைச் சொன்னார். பிரிட்ஜ்வாட்டர் பக்கம் ஒரு அம்மா, மாத்திரை போட்டு அம்மனை ஏமாற்றப் பார்த்ததாம், காலையே எடுத்துவிட்டார்களாம்.

"அந்த அம்மா வெளிய கார்லதானுங்க உக்காந்திருக்குது. ரெண்டு காலும் இருக்குதுங்க. வேணும்னா வந்து பாருங்க" என்றேன். மனுஷன் கொத்தமல்லிக் கட்டைக் கீழே போட்டுவிட்டார்.

இன்னொரு கதையில், எல்லாப் பெண் மாத்திரையும் விஷம் என்று ஆகிவிட்டது. அதைக் கேட்டுப் பயந்து, டாக்டர் பார்த்துக் கொடுத்திருந்த கர்ப்பத் தடை மாத்திரையை நிறுத்திய ஒரு அம்மாவுக்கு நாற்பது வயசுக்கு மேல் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. தங்கமான பையன். ஆனாலும் அந்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்தால் பாதி சிரிப்பும் பாதி முறைப்புமாகத்தான் பார்ப்பார். மூன்றாவது கதைதான் எனக்குப் பயம். அம்மன் கண் திறந்து நோயைத் தீர்த்துவிட்டாள், என் மனைவி எல்லா மருந்தையும் தூக்கிப் போட்டுவிட்டாள் என்று. அவள் எதையும் தூக்கிப் போடவில்லை. இன்றைக்குக் காலைகூடச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டாள். இதைக் கேட்டு இதே நோய் உள்ள இன்னொரு பெண் மருந்தை நிறுத்தினால் அந்தப் பாவம் யாருக்கு?

ஆடி வந்தது. விளக்கு பூஜைக்கு முந்தின நாள் காலையில், "இன்னைக்கு நீங்களே விளக்குப் போட்டுருங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பாய், குத்துவிளக்கு, எண்ணெய் டின் எல்லாம் எங்கள் வேனில்தான் இருந்தன. மறுநாள் நானும் மகளும் கிளம்பினோம். "நானும் வர்றேன். உள்ள வர மாட்டேன். வண்டியிலயே இருந்துக்கறேன்" என்று ஏறிக்கொண்டாள். பள்ளிக்கூடத்து பார்க்கிங்கில் ஒரு மேப்பிள் மர நிழலில் வண்டியை நிறுத்தினேன். வெயில் அவளுக்கு ஆகாது. உள்ளே புழுக்கம் என்று காஃபிடேரியாவின் பக்கக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். போற்றி ஆரம்பித்தது. சொன்னது ஒரு சின்னப் பெண், புத்தகத்தைப் பார்த்து. அங்கங்கே தடுமாறினாள். நான் காற்று வாங்குகிற மாதிரி வெளியே வந்து வண்டியைப் பார்த்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, என் மனைவி உதடு அசையப் போற்றி சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தடுமாறிய இடத்தில் இவள் தடுமாறவில்லை.

பூஜை முடிந்து பூஜை ஆன்ட்டி வெளியே வந்தார். நேராக எங்கள் வண்டிக்குப் போய், கதவைத் திறந்து, பட்டுப் புடவையோடு அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். தீட்டு பார்க்கிறவர், அன்றைக்குப் பார்க்கவில்லை. நான் எண்ணெய் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன்.

"அடுத்த வருஷம் உன்னைக் கேட்டுண்டுதான் ஹால் புக் பண்ணுவேன்டி" என்றார் ஆன்ட்டி.

"வேண்டாங்கக்கா. எனக்காக நாளை மாத்த வேண்டாம். அமையற வருஷம் உள்ள இருக்கேன். அமையாத வருஷம் இங்க இருக்கேன். நான் எங்க இருக்கேன்னு அவளுக்குத் தெரியுமுங்க."

ஆன்ட்டி தன் காலைக் கொஞ்சம் நீட்டி, கணுக்காலைத் தடவிக்கொண்டே கேட்டார். "எனக்கும் இந்தக் கால் சாயந்திரம் ஆனா வீங்கறதுடி. நானும் ரொம்ப வருஷம் போட்டுண்டவதான். யாரு அந்த டாக்டர்?"

அவர் கால் வீக்கத்துக்குக் காரணம் வேறு, அந்த மாத்திரை இல்லை என்று பிறகு டாக்டர் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து, எங்கள் குழுவில் யார் டாக்டரிடம் போனாலும் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுவது என்று பழக்கமாகிவிட்டது. பூஜை மாத்திரை என்ற பெயரும் மெல்ல மறைந்தது. வெறும் மாத்திரை என்றார்கள்.

இவ்வளவுதான் நடந்தது. படிக்கிறவர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், முக்கியமாகப் பெண்டுபிள்ளைகள் உள்ள வீட்டில் சொல்லுங்கள். சொல்லும்போது அந்தக் காலை வெட்டிவிடாதீர்கள். அவள் சாப்பிடுகிற மருந்தையும் நிறுத்திவிடாதீர்கள். அம்மன் தண்டித்தாள் என்றும் வேண்டாம், அம்மன் தீர்த்துவைத்தாள் என்றும் வேண்டாம். என் மனைவி வண்டியில் உட்கார்ந்து போற்றி சொன்னாள் என்று மட்டும், நான் எழுதியபடியே சொல்லுங்கள்.